எஞ்சினுக்கும் மூச்சுண்டு

எண்ணெய் சொட்டுகிற இடம் வேறு. எண்ணெய் கசிகிற இடம் வேறு. பழைய வண்டி வைத்திருக்கிறவர்களுக்கு இது தெரியும். தெரிந்திருந்தும் குனிந்து பார்த்தால் கண் சொட்டுகிற இடத்துக்கே போகும். தரையில் கறுத்த வட்டம், நேர் மேலே நனைந்த இரும்பு, அதன் விளிம்பில் திரண்டு நிற்கும் துளி. இங்கேதான் என்று மனம் முடிவு கட்டிவிடும். கை ஸ்பேனரைத் தேடும். அந்தக் கையைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டு உட்காரத் தெரிவதுதான் இந்த வேலையில் முதல் படி. கொல்லிமலையில் ஒரு பழைய ஜீப்பின் கசிவைத் தேடியவர்களோடு இருந்தபோது, நான் கோயில்களிலும் புத்தகங்களிலும் தேடிக்கொண்டிருந்த ஒன்றை அவர்கள் கிரீஸ் படிந்த கைகளால் செய்துகொண்டிருப்பதாக உணர்ந்தேன்.

மலையைச் சொல்லாமல் அந்தக் கசிவைச் சொல்ல முடியாது. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டினால் காரவள்ளி அடிவாரம். அங்கிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் எண் போட்டிருக்கிறார்கள். சோளக்காடு, செம்மேடு எல்லாம் கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேலே இருக்கின்றன. பேருந்து போகிற தார்ச்சாலையோடு மலை முடிந்துவிடுவதில்லை. வளப்பூர் நாடு, சேலூர் நாடு, தின்னனூர் நாடு என்று நாடு நாடாகப் பிரிந்து, பள்ளத்திலும் மேட்டிலும் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களுக்குப் பல காலமாக ஜீப்புதான் துணை. மரவள்ளிக்கிழங்கு மூட்டை, பலாப்பழம், மிளகு, காபிக்கொட்டை, சோளக்காட்டுச் சந்தைக்குப் போகிற வாழைத்தார், பிரசவ வலி கண்ட பெண், அறப்பளீசுவரரைப் பார்க்க வந்த வெளியூர்க் குடும்பம், எல்லோரும் எல்லாமும் அதிலேதான்.

சமவெளியில் ஒருவாறு நடந்துகொள்ளும் எஞ்சின் மலையில் வேறுவிதமாக நடந்துகொள்ளும். ஏறும்போது வண்டியின் மூக்கு மேல்நோக்கி நிற்கிறது. எஞ்சினின் அடித்தொட்டியான சம்ப்பில் இருக்கும் எண்ணெய் பின்பக்கம் சாய்கிறது. இறங்கும்போது அதே எண்ணெய் முன்பக்கம் சாய்கிறது. முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் உறுமிக்கொண்டு ஏறுகையில் சூடு கூடுகிறது. சூட்டில் எண்ணெய் இளகுகிறது. கீழே நாமக்கல்லில் எண்ணெயை நிறுத்தி வைத்திருந்த அதே பேக்கிங், அறுபதாவது வளைவில் அதற்கு வழி விட்டுவிடும். கீழே நிறுத்திப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மலை, உள்ளே ஏற்கெனவே இருக்கும் பலவீனத்தை மேலே கொண்டு வருகிறது. துன்பமும் அப்படித்தான் செய்கிறது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஏற்றத்தில் வெளிப்பட்டது ஏற்றத்தில் பிறந்ததில்லை.

நான் சொல்கிற ஜீப் மஹிந்திராவின் பழைய வண்டி. பிரெஞ்சு நிறுவனமான பெஜோவின் வடிவமைப்பில் இங்கேயே செய்யப்பட்ட 2,112 சி.சி. டீசல் எஞ்சின், நான்கு சிலிண்டர். உரிமையாளர் அறுபது தாண்டியவர், தானே ஓட்டுகிறார். வண்டி நிற்கும் இடமெல்லாம் கறை. செம்மேட்டில் நிறுத்தினாலும் கறை, கோயில் வாசலில் நிறுத்தினாலும் கறை. பட்டறை பட்டறையாகப் போய், கிராங்க் தண்டின் பின்முனையில் எண்ணெயைத் தடுக்கும் பின் சீலை மாற்றிப் பார்த்திருக்கிறார். மாற்றிய கொஞ்ச நாளுக்குக் குறையும். பிறகு பழையபடி வரும். கடைசியாக, நாமக்கல் லாரிப் பட்டறைகளில் சிறுவனாக ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துத் தொழில் கற்ற ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுவந்தார்.

"பின் சீல்தான் தம்பி. இன்னொருக்கா மாத்திரு" என்றார் பெரியவர்.

மெக்கானிக் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "அண்ணா, இன்னிக்கு எதையும் கழட்டப் போறதில்லைங்க. கழுவுவோம். கழுவிட்டுப் பாப்போம்" என்றார்.

கழுவுவதற்கே அரை நாள் ஆயிற்று. எண்ணெயும் செம்மண்ணும் வருடக்கணக்காகச் சேர்ந்து இறுகிய பிசுக்கு எஞ்சினை முழுவதும் மூடியிருந்தது. ஏர் ஃபில்டரின் வாயையும் ஆல்டர்னேட்டரையும் பிளாஸ்டிக் பையால் கட்டிவிட்டு, டீசலில் நனைத்த பிரஷால் மூலை மூலையாகத் தேய்த்தார்கள். குச்சியால் சுரண்டினார்கள். சோப்புத்தூள் கரைத்த தண்ணீரால் கழுவி, துணியால் துடைத்து, வெயிலில் விட்டார்கள். அதுவரை ஒரே கறுப்பாக இருந்ததில் போல்ட் தலைகள் தெரிந்தன. இரும்பில் வார்த்த எண்கள் தெரிந்தன. எந்த மூடி எதோடு சேர்கிறது என்ற கோடுகள் தெரிந்தன.

அப்பர் சுவாமிகளைச் சிலையாக வடிக்கும்போது கையில் உழவாரப்படையைக் கொடுக்கிறார்கள். கோயில் முற்றத்தில் முளைத்த புல்லைச் செதுக்குகிற கருவி அது. அத்தனை பதிகம் பாடியவரின் அடையாளமாக ஏட்டுச்சுவடியை வைக்காமல் புல் செதுக்கும் கருவியை வைத்திருப்பதை நான் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு. அந்த அரை நாளில் அதன் பொருள் எனக்கு அருகில் வந்தது. சுத்தம் செய்வது வழிபாட்டுக்கான முன்னேற்பாடு என்று எண்ணிக்கொள்கிறோம். கழுவிக்கொண்டிருந்தவர்களின் முகத்தில் எதையோ சீக்கிரம் முடித்துவிட்டு அசல் வேலைக்குப் போக வேண்டும் என்ற அவசரம் இல்லை. கழுவுவதே அசல் வேலையாக இருந்தது. பேச்சும் தானாக நின்றுவிட்டிருந்தது.

அடுத்து, பார்ப்பது. எண்ணெய் தன் கனத்தால் கீழே இறங்கும். ஃபேன் காற்றும் ஓட்டக் காற்றும் அதைப் பின்னால் தள்ளும். ஆகவே அடியிலும் பின்னாலும் காண்கிற ஈரம் எதையும் நம்பக் கூடாது. ஈரமாக இருக்கிற இடங்களில் ஆக மேலே, ஆக முன்னே எது என்று தேட வேண்டும். தொழிலில் ஊறியவர்கள் இதை ஒரு விதியாகவே வைத்திருக்கிறார்கள். மெக்கானிக் காய்ந்த எஞ்சின் மேல் முகத்துக்குப் போடும் பவுடரை மெல்லத் தூவினார். ராக்கர் கவர் ஓரம், டேப்பெட் கவர் ஓரம், ஆயில் ஃபில்டர் உட்காரும் இடம், பிரஷர் சுவிட்ச், டைமிங் கவர், சம்ப்பைச் சுற்றிய விளிம்பு, எல்லாம் வெளுத்தன. எஞ்சினை ஓடவிட்டு உடனே பார்க்கவில்லை. குளிர்ந்த எஞ்சின் பொய் சொல்லும் என்றார். பெரியவரை ஓட்டச் சொல்லி, சுமையோடு சில வளைவுகள் இறங்கி மீண்டும் ஏறி வந்து, பானெட்டைத் திறந்தார்கள்.

பவுடரில் ஒரே ஒரு கோடு. எஞ்சினின் மேல்மூடியான ராக்கர் கவரின் பின் மூலையில் தொடங்கி, எஞ்சினின் முதுகு வழியாக இறங்கி, கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்குக்குள் போய் மறைந்திருந்தது. அங்கே தேங்கி, அடியில் பின் சீலுக்கு நேர் கீழே சொட்டியிருக்கிறது. பார்த்தவர்கள் எல்லோரும் பின் சீல் என்றது இதனால்தான். பின் சீலை மாற்ற வேண்டுமானால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும், கிளட்சைக் கழற்ற வேண்டும். பெரிய வேலை, பெரிய செலவு. ராக்கர் கவர் பேக்கிங்கை மாற்ற மேலே இருக்கும் சில நட்டுகளைக் கழற்றினால் போதும்.

1902-இல், திருவண்ணாமலை விருபாட்ச குகையில் இருந்த இளம் ரமணரிடம் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற வருவாய்த்துறை அலுவலர் சில கேள்விகள் கேட்டார். ரமணர் பேசாதிருந்த காலம் அது. விடைகளை எழுதிக் காட்டினார். 'நான் யார்?' என்ற சிறு நூலாகப் பின்னர் அது வெளிவந்தது. ஓர் எண்ணம் எழுந்தால் அது போகிற போக்கில் நாமும் போகாமல், இது யாருக்கு எழுந்தது என்று கேட்டு, வந்த வழியே மேலே போகச் சொல்கிறது அந்த நூல். நான் அதை இளமையிலிருந்து வாசித்து வருகிறேன். அந்தப் பவுடர்க் கோட்டைப் பார்த்தபோது, வந்த வழியே மேலே போவது எவ்வளவு எளியது, அதே சமயம் எவ்வளவு பொறுமை கேட்பது என்பது கண்ணுக்கு முன்னால் நின்றது. கசிவின் அடியில் கிடந்து எவ்வளவு துடைத்தாலும் கசிவு தன் பிறப்பிடத்தைச் சொல்லாது. நிமிர்ந்து மேலே பார்க்கிறவனுக்கு அது ஒளிப்பதும் இல்லை.

பேக்கிங் மாற்றும்போது நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். பழைய கார்க் பேக்கிங் பிதுங்கி, ஓரிடத்தில் கிழிந்திருந்தது. கசியக் கசிய யாரோ நட்டை இறுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். தகரத்தால் ஆன மூடி. இறுக்க இறுக்க நட்டு உட்காரும் இடம் குழிந்து, இரண்டு நட்டுக்கும் நடுவில் விளிம்பு மேலே தூக்கிக்கொள்ளும். அந்தத் தூக்கிய இடத்தில் எண்ணெய் வழி கண்டுபிடிக்கும். சம்ப்பும் இதே கதிதான். கசிவை நிறுத்த இறுக்கிய இறுக்கமே கசிவுக்குக் காரணமாகிவிடுகிறது. மெக்கானிக் மூடியை ஒரு மரக்கட்டை மேல் வைத்துச் சின்னச் சுத்தியலால் விளிம்பைத் தட்டித் தட்டிச் சமன் செய்தார். கண்ணாடித் துண்டின் மேல் கவிழ்த்து வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தார். புது பேக்கிங்கை வைத்து, எல்லா நட்டையும் முதலில் விரலால் முடுக்கி, பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்கு மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். கடைசியில் அவர் நிறுத்திய இடத்தில் நானாக இருந்தால் இன்னும் ஒரு கால் சுற்று கொடுத்திருப்பேன். போதும் என்பதை அவர் மணிக்கட்டு அறிந்திருந்தது. விரதம் இருக்கிறவர்களும் ஜபம் செய்கிறவர்களும் தங்களை இறுக்கி இறுக்கியே உடைத்துக்கொள்வதை நாம் பார்க்கிறோம். சமமாக அமர்ந்த மனத்துக்கு அத்தனை இறுக்கம் தேவைப்படுவதில்லை.

கறை நின்றது. ஆனால் நிற்கவில்லை.

சில நாள் கழித்துப் பெரியவர் வந்தார். ராக்கர் கவர் காய்ந்திருந்தது. இப்போது டேப்பெட் கவர் ஓரத்தில் ஈரம். முன்னால் புல்லிக்குப் பின்னே கிராங்க் சீல் பக்கம் ஈரம். சம்ப் விளிம்பில் வியர்த்தாற்போல் ஒரு வரிசை. ஒரு வாசலை அடைத்ததும் மற்ற வாசல்கள் திறந்துகொண்டன. பெரியவர் தளர்ந்துபோய்ப் படியில் உட்கார்ந்துவிட்டார். வண்டியை விற்றுவிடட்டுமா என்று கேட்டார். அந்தக் கேள்வியில் வண்டி மட்டும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆண்டுக்கணக்கில் ஒரு குறையோடு போராடியவர்கள் எல்லோருக்கும் இந்த இடம் வரும்: எதைச் சரி செய்தாலும் வேறொன்று கிளம்புகிறதே, சரி செய்வது என்பதே வீண்தானோ என்ற இடம். சாதகர்கள் பலர் இங்கேதான் பாதையை விட்டுவிடுகிறார்கள்.

மெக்கானிக் எஞ்சினை ஓடவிட்டு, எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தார். குபுகுபு என்று புகை வந்தது. உள்ளங்கையை அந்த வாய்மேல் பொத்தினார். உள்ளிருந்து கையைத் தள்ளியது. பிறகு, எஞ்சினின் மேல்மூடியிலிருந்து காற்று இழுக்கும் குழாய்க்குப் போகிற பிரீதர் பைப்பைக் கழற்றி வாயால் ஊதிப் பார்த்தார். காற்று போகவில்லை. ஒரு கம்பியை விட்டு இழுத்தபோது வெண்ணெய்போல் வெளிறிய மசி திரள் திரளாக வந்தது.

நடந்தது இதுதான். டீசல் எஞ்சினில் சிலிண்டருக்குள் இழுத்த காற்றைச் சுமார் 20-இல் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்குகிறார்கள். அந்தச் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடினால், நிமிடத்துக்கு 4,000 முறை உள்ளே எரிகிறது. பிஸ்டனைச் சுற்றி ரிங்குகள் காவல் இருந்தாலும் ஒவ்வொரு முறையும் சிறிது புகை அவற்றைத் தாண்டிக் கீழே இறங்கிவிடும். புது எஞ்சினிலும் இறங்கும்; தேய்ந்ததில் கூடுதலாக இறங்கும். பேக் கம்ப்ரஷன் என்பார்கள். அதைத் தடுக்க வழியில்லை. வெளியே விடுவதற்குத்தான் வழி வைத்திருக்கிறார்கள். அந்த வழிதான் பிரீதர்.

அது ஏன் அடைத்தது என்பதற்கு விடை கொல்லிமலையின் பனியில் இருக்கிறது. இந்த ஜீப் ஓடுவது ஊருக்கு ஊர் சிறு சிறு தூரம். விடியற்காலையில் எடுத்து, எஞ்சின் முழுச் சூடு ஏறுவதற்கு முன் நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி எடுத்து ஓட்டுகிறார்கள். எரிவதில் உண்டாகும் நீராவி, சூடு போதாமல் உள்ளேயே குளிர்ந்து தண்ணீராகி எண்ணெயோடு கலந்து மசியாகிறது. ஆக மேலே, ஆகக் குளிர்ந்த இடம் பிரீதர் பைப். மசி அங்கே போய்ப் படிகிறது. சமவெளியில் நாள் முழுதும் ஓடும் லாரியில் இது அரிது. மலையில் நின்று நின்று ஓடும் வண்டியில் இயல்பு. கீழே இருக்கும் பட்டறைகளில் யாரும் இதைத் தேடாததில் வியப்பில்லை.

மூச்சுவிட வழியில்லாமல் போன எஞ்சின், எங்கே இளைத்திருக்கிறதோ அங்கே முட்டித் தள்ளும். முதலில் ராக்கர் கவர்; அதை அடைத்தால் டேப்பெட் கவர்; பிறகு முன் சீல், பின் சீல், சம்ப். செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். கடையெழு வள்ளல்களில் ஒருவன், இந்தக் கொல்லிமலையை ஆண்டவன். அவன் விட்ட ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றில் இருந்த உடும்பில் போய்த் தைத்ததாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். ஐந்து உடலில் ஐந்து காயம், அம்பு ஒன்றுதான். ஓரியின் மலையில் அந்த ஜீப்பின் முன்னால் நின்றபோது எனக்கு அந்தப் பாட்டு நினைவுக்கு வந்தது. காயத்தை எண்ணுகிறவனுக்கு ஐந்து வேலை. அம்பைக் கண்டவனுக்கு ஒன்று.

இதற்கு மேல் அந்த எஞ்சினை மனிதரோடு ஒப்பிட நான் முயலவில்லை. ஒப்புமை தானாகவே வந்து நின்றது. வீட்டில் ஒரு சாவு நடக்கிறது. காரியமெல்லாம் முறையாக முடிகிறது. மூத்த மகன் அழவில்லை. அழ நேரமில்லை, எல்லாவற்றையும் அவன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். எட்டு மாதம் கழித்து ஒரு நாள் குழந்தை தம்ளரைக் கைதவறிப் போட்டுவிட்டது என்று அவன் போடுகிற கூச்சலில் வீடே நடுங்குகிறது. அவனுக்கே தெரிகிறது, இது தம்ளருக்கான கோபம் இல்லை என்று. வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்கிறான். இனிக் கத்துவதில்லை என்று உறுதி எடுக்கிறான். அந்த வாசல் அடைபடுகிறது. பிறகு தூக்கம் போகிறது, வயிறு எரிகிறது, சாலையில் முன்னால் போகிற வண்டிக்காரன் எதிரியாகிறான். ஒவ்வொன்றுக்கும் ஒரு வைத்தியம் செய்துகொள்கிறான். உள்ளே இறங்கிக்கொண்டே இருப்பது இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. உயிரோடு இருக்கிறவரை அது இறங்கும். எரிகிற இடத்தில் புகை உண்டு. அவனுக்கு வேண்டியது இன்னும் நல்ல பூட்டு இல்லை. யாரோ ஒருவரிடம், அல்லது ஒரு சன்னிதியில், அல்லது ஒரு மரத்தடியில் தனியே, அப்பா போய்விட்டார் என்று வாய்விட்டுச் சொல்ல ஓர் இடம்.

நம் மரபு இதை அறிந்திருந்தது. ஒப்பாரிக்கு ஒரு நேரமும் இடமும் வைத்தது. அழுது பாடிய பக்தர்களைப் போற்றியது. மூச்சைப் பற்றி அத்தனை பேசியது. மனமும் மூச்சும் பிறக்கும் இடம் ஒன்றே என்று 'நான் யார்?' நூலிலும் ரமணர் சொல்கிறார். அடக்கம் என்றால் அடைத்து வைத்தல் என்று நாம் எங்கோ தவறாகக் கற்றுக்கொண்டோம். அடக்கம் உள்ளவரிடம் போய் உட்கார்ந்து பாருங்கள். அவரிடம் ஒன்றும் முட்டிக்கொண்டு நிற்காது. எல்லாம் வந்து, போய்க்கொண்டிருக்கும்.

பிரீதர் பைப்பையும் அதன் உள்ளே இருந்த வலையையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவினார்கள். உப்பி நைந்திருந்த ரப்பர்க் குழாயை வெட்டி எறிந்துவிட்டுப் புதிது போட்டார்கள். டேப்பெட் கவருக்கும் சம்ப்புக்கும் பேக்கிங் மாற்றினார்கள். மசி கலந்த எண்ணெயை வடித்துவிட்டு, புது எண்ணெயை அளவுக் குச்சியில் மேல்கோட்டுக்கு ஏறாமல் ஊற்றினார்கள், கூடினாலும் கசியும். எஞ்சினை ஓடவிட்டு மூடியைத் திறந்தபோது மெல்லிய ஆவி மட்டும் வந்தது; உள்ளங்கையைத் தள்ளவில்லை. ரிங் தேய்மானம் இருக்கத்தான் செய்கிறது, என்றைக்காவது சிலிண்டர் போர் வேலை செய்ய வேண்டிவரும், இப்போதைக்கு ஓடும் என்றார் மெக்கானிக்.

முன் சீலை மாற்றும்போது கிராங்க் தண்டை என்னிடம் காட்டினார். பளபளக்கும் எஃகில் ஒரு மெல்லிய பள்ளம், மோதிரம் போட்ட இடம்போலச் சுற்றிலும். சீலின் ரப்பர் உதடு உரசி உரசி உண்டாக்கியது. ரப்பர் எஃகைத் தேய்க்குமா என்று கேட்டேன். ரப்பரில் ஒட்டிக்கொள்ளும் தூசி தேய்க்கிறது, அதற்குப் பல வருடம் ஆகும் என்றார். புதுச் சீலை அதே ஆழத்தில் அடித்தால் அதன் உதடு அதே பள்ளத்தில்தான் உட்காரும். புதுச் சீலும் கசியும். அதனால் ஒரு மில்லிமீட்டர்போலத் தள்ளி அடித்தார், தேயாத எஃகின் மேல் உதடு படும்படி. பழைய வழக்கத்தின் பள்ளத்தில் புதிய உறுதியைக் கொண்டுபோய் வைக்கிறோம். பிறகு உறுதியைக் குறை சொல்கிறோம். சிறிது தள்ளி வைத்தால் போதும் என்று அந்த மெக்கானிக்குக்குத் தெரிந்திருந்தது.

எல்லாம் முடிந்த பிறகும் பெல் ஹவுசிங் அடியில் ஓர் ஈரம் மிச்சமிருந்தது. சொட்டாது, தொட்டால் விரலில் ஒட்டும். இத்தனை வயதான எஞ்சின் இந்த அளவு வியர்க்கும், இதற்காகக் கியர்பாக்ஸை இறக்க வேண்டாம், காலையில் குச்சியை எடுத்துப் பாருங்கள் என்றார் மெக்கானிக். பெரியவர் முதலில் முகம் சுளித்தார். முழுதாகக் காய்ந்த எஞ்சினைத்தான் அவர் எதிர்பார்த்தார். ஈரத்துக்கும் சொட்டுக்கும் உள்ள தொலைவை நான் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏறத்தாழ 20 துளி ஒரு மில்லி. நிமிடத்துக்கு ஒரு துளி சொட்டினால் ஒரு நாளில் 1,440 துளி, 72 மில்லி. ஒரு மாதத்தில் 2 லிட்டரைத் தாண்டும். எஞ்சினைக் கொல்லவும் மண்ணைக் கெடுக்கவும் அது போதும். ஈரம் அப்படியில்லை. அதைக் கவனத்தில் வைத்திருந்தால் போதும். எதைச் சரி செய்தே ஆக வேண்டும், எதோடு விழிப்பாகச் சேர்ந்து வாழலாம் என்ற இந்தப் பிரித்தறிதல் இல்லாமல் ஏற்றுக்கொள்ளுதலைப் பேசுவது எனக்குச் சம்மதமில்லை. குச்சியை எடுத்துப் பார்க்கிறவரின் ஏற்பு வேறு; பார்க்காமலே விட்டவரின் ஏற்பு வேறு.

மண்ணைச் சொன்னேன். இந்த மலையில் விழுகிற மழை ஓடையாகி ஐயாற்றில் சேர்ந்து, பெரியகோவிலூர் அறப்பளீசுவரர் கோயிலைத் தொட்டு, ஆகாயகங்கையாக விழுகிறது. தேவார வைப்புத்தலங்களில் ஒன்று அந்தக் கோயில். அறுத்துச் சமைக்க எடுத்த மீனைப் பொருத்தி மீண்டும் ஆற்றில் நீந்தவிட்டவர் அங்கே இருக்கும் ஈசன் என்பது தலக்கதை. அந்த ஆற்று மீன்களுக்கு இன்றும் உணவிடுகிறார்கள், பிடிப்பதில்லை. துண்டானதைப் பொருத்துகிறவராக ஒரு தெய்வத்தைக் கும்பிடுகிற ஊரில், பிரிந்த இரும்பைப் பொருத்துகிற வேலையும் அவர் சன்னிதியில்தான் நடக்கிறது என்று நான் நம்புகிறேன். சாலையில் விழுந்த எண்ணெய் மழையில் போகும் வழியும் அந்த மீன்களிடம்தான். ஒரு வண்டியில் ஒரு முறை மாற்றி எடுக்கும் பழைய எண்ணெய் 10 லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்கக் கூடியது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எச்சரிக்கிறது. நம் நாட்டிலும் 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகள் பழைய எண்ணெயை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடமே சேர்க்கச் சொல்கின்றன. வடித்த எண்ணெயை மெக்கானிக் கேனில் பிடித்து மூடி, கீழே அனுப்ப ஓரமாக எடுத்து வைத்தார்.

ஆடி 17, 18-இல் வல்வில் ஓரி விழா. அந்த நாட்களில் மலையில் ஜீப்புகளுக்கு ஓய்வே கிடையாது. ஏற்றத்தில் முழுச் சுமையோடு ஓடும். அதற்குள் நிறுத்தத்தில் இருக்கும் மற்ற வண்டிகளையும் ஒவ்வொன்றாகக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் மெக்கானிக். சீல் எதையும் தொட வேண்டாம், முதலில் பிரீதரைக் கழற்றி ஊதிப் பார்ப்போம் என்று பெரியவரே மற்ற ஓட்டுநர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.